தட்டுக்கு முன்னே ஒரு தீர்மானம்
(போஜனப் பழக்கங்களை உடைத்து சரீர பாரத்தைக் குறைப்பது பற்றிய பாடம்)



இந்த மாதப் பாடம் கொஞ்சம் சங்கடமான பாடம். சாராயத்தைப் பற்றிப் பேசுகிறோம். பீடி, சிகரெட், பான்பராக் பற்றிப் பேசுகிறோம். ஆனால் கலியாணப் பந்தியில் மூன்றாந்தரம் பிரியாணிக்குக் கை நீட்டுகிறதைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. நானும் இருபது வருஷம் திறக்கவில்லை. எப்படித் திறப்பேன்? மேடையில் நிற்கும் என் சட்டைப் பொத்தானே வயிற்றின்மேல் பூட்டிக்கொள்ளாமல் அடம்பிடித்தது.

என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே சமையற்கட்டு, ஒரே பழக்கம். காலையில் எட்டு இட்லி, மத்தியானம் சோறு மூன்று ரவுண்டு, நாலு மணிக்கு வடை, ராத்திரி பத்து மணிக்கு மேலே பரோட்டா சால்னா. "கடுமையா உழைக்கிறோம், சாப்பிட்டா என்ன தப்பு?" என்பான். 2018-ம் வருஷம் ஒரு ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவன், விடியற்காலம் நெஞ்சைப் பிடித்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துபோயிற்று. வயது 54. இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அப்போது கலியாணம் ஆகவில்லை.

அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம் நான் போய்ப் பரிசோதனை செய்தேன். எடை 94 கிலோ. மூன்று மாத சர்க்கரை 8.4. ரத்த அழுத்தமும் அதிகம். டாக்டர் அம்மா என்னைப் பார்த்து, "உங்க அண்ணனுக்கு என்ன இருந்ததோ அது எல்லாம் உங்களுக்கும் இருக்கு. உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நாள் கிடைச்சிருக்கு" என்றார்கள். அந்த ஒரு வார்த்தை பத்துப் பிரசங்கத்துக்குச் சமமாய் என்னைக் குத்தியது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவைகளைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

1. இது ஏதோ ஒருவருடைய பிரச்சனை அல்ல

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அப்படியானால் நம்முடைய சபையில் ஒவ்வொரு வரிசையிலும் இது உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் நிலைமையை அறிய தையல்காரர் டேப் ஒன்று போதும். தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாதிருங்கள், டேப்பை ஏமாற்றினாலும் இருதயத்தை ஏமாற்ற முடியாது! ஆண்களுக்கு 90 செ.மீ. (ஏறக்குறைய 35½ அங்குலம்), பெண்களுக்கு 80 செ.மீ. (ஏறக்குறைய 31½ அங்குலம்) தாண்டினால் எச்சரிக்கை. நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாயிருந்தும் வயிற்றில் கொழுப்பு சேரும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வாசலைத் திறக்கிறது.

ஒரு காரியத்தை இங்கே தெளிவாய்ச் சொல்லவேண்டும். பருமனாயிருப்பவர் எல்லாரும் பெருந்தீனிக்காரர் அல்ல. தைராய்டு குறைவு, சில மாத்திரைகள், பிரசவத்துக்குப் பின்வரும் மாற்றங்கள், வம்சவழி என்று பல காரணம் உண்டு. ஒல்லியாயிருப்பவர் எல்லாரும் இச்சையடக்கம் உள்ளவரும் அல்ல. ஆகையால் இந்தப் பாடத்தை வாசித்துவிட்டு அடுத்தவருடைய இடுப்பைப் பார்க்காதிருங்கள். சகோதரிகளை "என்ன சிஸ்டர், ரொம்ப வெயிட் போட்டுட்டீங்க!" என்று சபை வாசலில் கேட்கிற வழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுவோம். வெட்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்க் குறைவாய்ச் சாப்பிடுவதில்லை. ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள்.

2. ஏசா எந்த வேளையில் விழுந்தான்?

ஆதியாகமம் 25-ம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ஏசா காலையில் எழுந்து, நிதானமாய் யோசித்து, சேஷ்டபுத்திரபாகத்தை விற்கவில்லை. வெளியிலிருந்து களைத்து வந்தான். பசி. எதிரே சிவப்பான கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வாசனை வந்தது. அவ்வளவுதான்! களைப்பு, பசி, கண்ணுக்கு முன்னே தயாராயிருக்கிற உணவு. இந்த மூன்றும் சேர்ந்த நிமிஷத்தில் விலையேறப்பெற்றது போய்விட்டது.

நம்முடைய விழுதல்களும் இப்படியே. பழக்கம் என்பது மூன்று கண்ணியுள்ள சங்கிலி. முதலாவது ஒரு தூண்டுதல், அடுத்தது செய்கை, மூன்றாவது அதினால் வருகிற சுகம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வடை வாசனை: தூண்டுதல். இரண்டு வடை, ஒரு டீ: செய்கை. களைப்பு தீர்ந்த மாதிரி ஓர் உணர்வு: சுகம். இது தினந்தோறும் நடந்தால் சில மாதத்தில் மூளை யோசிப்பதையே விட்டுவிடுகிறது. கால் தானாய்க் கடைக்குப் போகும். பசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஆகையால் "நாளையிலிருந்து வாயைக் கட்டப்போகிறேன்" என்கிற சபதம் பெரும்பாலும் மூன்று நாள்தான் நிற்கும். சங்கிலியின் நடுக்கண்ணியை மாத்திரம் பிடித்து இழுக்கிறோம். முதற்கண்ணி அப்படியே இருக்கிறது. எனக்கு உதவியது என்ன தெரியுமா? ஒரு சின்ன நோட்டு. ஒரு வாரம் எதையும் குறைக்காமல், எதைச் சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, அப்போது பசியா, கோபமா, களைப்பா, சும்மாவா என்று மாத்திரம் எழுதினேன். வாரக் கடைசியில் பார்த்தால் எனக்கே நம்பமுடியவில்லை. பசியில்லாமல் சாப்பிட்டதுதான் பாதி. வீட்டில் சண்டை வந்த நாளில் மிக்சர் டப்பா காலி. ராத்திரிக் கூட்டம் முடிந்து வந்த நாளில் பரோட்டா.

எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) அவருக்கு முதலில் கிடைத்தது நித்திரையும், அளவான அப்பமும், தண்ணீரும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பின்மேல் ஆசை கூடும். இது மருத்துவம் கண்டறிந்த உண்மை. எடையைக் குறைக்க விரும்புகிறவர் முதலாவது நேரத்தோடு படுக்கவேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் செல்போனில் பிரசங்கம் கேட்டாலும் கெட்டுப்போகிற தூக்கம் கெட்டுப்போனதுதான்!

3. கணக்கைப் பார்ப்போம்

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப்பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும் (லூக்கா 14). வாருங்கள், நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

சீனி: ஒரு நாளைக்கு நாலு டீ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 40 கிராம். வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேலே! ஒரே ஆள், டீயில் மாத்திரம். பிஸ்கட், கேசரி, குளிர்பானம் தனி. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 50 கிராமுக்கு மேல் போகக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையின்படி வருகிற கணக்கு.

எண்ணெய்: நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக 270 கலோரி கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகிறது. அதே கிராம் அரிசியிலோ பருப்பிலோ கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இது. மாதம் ஒரு லிட்டர் குறைத்தால் ஆளுக்குத் தினமும் ஏறக்குறைய 70 கலோரி மிச்சம், பணமும் மிச்சம். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். இது ஒன்றே பெரிய மாற்றம்.

சோறு: வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. சோறு விஷமல்ல. நம் பாட்டனார் சோறும் களியும் சாப்பிட்டுத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஏர் பிடித்தார்கள், கிணற்றில் இறைத்தார்கள். நாம் பைக்கில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களுடைய அளவையே சாப்பிடுகிறோம். சாம்பாருக்கு ஒரு குவியல், ரசத்துக்கு ஒரு குவியல், மோருக்கு ஒரு குவியல். பொரியல் மாத்திரம் ஊறுகாய் அளவு! இதைத் திருப்பிப் போடவேண்டும்.

4. தானியேல் முன்னமே தீர்மானித்தான்

தானியேல் 1-ம் அதிகாரத்தைச் சிலர் எடை குறைக்கிற அதிகாரமாய்ப் பிரசங்கிக்கிறார்கள். கவனித்து வாசியுங்கள். அந்த வாலிபர்கள் பத்து நாளுக்குப் பிறகு மெலிந்துபோகவில்லை, மற்றவர்களைவிடப் புஷ்டியாய்க் காணப்பட்டார்கள்! ஆகையால் அது நமக்கு உணவுப்பட்டியல் அல்ல. ஆனால் அதிலே இரண்டு பாடம் இருக்கிறது.

முதற்பாடம்: தட்டு முன்னே வந்தபிறகு அவன் யோசிக்கவில்லை. முன்னமே தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணியிருந்தான். பந்தியில் உட்கார்ந்தபிறகு யோசிக்கிறவன் தோற்றுப்போவான். "இன்று விருந்துக்குப் போகிறேன், பிரியாணி ஒரு தரம், தயிர்ப் பச்சடி நிறைய, இனிப்பு வேண்டாம்" என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துப் போங்கள்.

இரண்டாம் பாடம்: அவன் கேட்டது பத்து நாள் சோதனை. ஆயுசு முழுவதும் என்று ஆரம்பிக்கவில்லை. நானும் அப்படியே ஆரம்பித்தேன். முதல் பத்து நாள் டீயில் ஒரு ஸ்பூன் சீனி. அடுத்த பத்து நாள் அரை ஸ்பூன். பிறகு சீனியில்லாத டீ. முதலில் கஷாயம் மாதிரி இருந்தது. இப்பொழுது யாராவது சீனி போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. நாக்கும் கற்றுக்கொள்ளும் பிரியமானவர்களே!

ஒரு பழக்கம் வேர்விட எத்தனை நாள்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் அதில் கண்டார்கள். ஆகவே ஒரு மாதத்தில் மனம் தளராதிருங்கள்.

5. மன்னாவின் அளவு

வனாந்தரத்தில் மன்னா கிடைத்தபோது அளவும் சேர்ந்தே கிடைத்தது (யாத்திராகமம் 16). தலைக்கு ஒரு ஓமர். மிஞ்சியதை வைத்தவர்களுக்குப் புழு பிடித்தது. தேனைக் கண்டால் மட்டாய்ச் சாப்பிடச் சொல்கிற நீதிமொழி 25-ம் அதிகாரத்தில் இருக்கிறது. தேன் கெட்டது என்று அது சொல்லவில்லை, அளவுதான் காரியம். என் வீட்டில் நாங்கள் இப்படி அளவு வைத்தோம்:

* தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஏதாவது ஒன்று.
* முதலில் காயும் கூட்டும், பிறகு சோறு. இப்படிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவதும் மெதுவாகும், வயிறும் சீக்கிரம் நிறையும்.
* சோற்றுப் பாத்திரம் மேஜைக்கு வராது. அடுப்படியிலேயே ஒருதரம் போட்டுக்கொண்டு வருவோம். எழுந்து போய்த்தான் மறுபடி போடவேண்டும் என்றால் பாதி நாள் எழுந்து போகமாட்டோம்!
* மென்று, இருபது நிமிஷம் எடுத்துச் சாப்பிடுவோம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச்சேர அவ்வளவு நேரம் ஆகும். ஐந்து நிமிஷத்தில் முடிக்கிறவனுக்குச் செய்தி வருமுன்னே இரண்டாம் ரவுண்டு முடிந்துவிடும்.
* மிக்சர், முறுக்கு, பிஸ்கட் வீட்டில் வாங்கி அடுக்குவதில்லை. கண்ணுக்கு முன்னே இருந்தால் கை போகும். அந்த இடத்தில் வேகவைத்த சுண்டல், கொய்யா, வெள்ளரி, வறுத்த கடலை ஒரு கைப்பிடி.
* ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். கூட்டம் இருந்தால் போகுமுன்னே சாப்பிட்டுவிடுவோம்.
* தினமும் 30 நிமிஷம் வேகமாய் நடப்போம். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது மருத்துவர்கள் சொல்லும் குறைந்த அளவு. வீட்டம்மா மாடிப்படியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நடப்பதால் மாத்திரம் எடை குறையும் என்று எண்ணாதிருங்கள். அரை மணி நேர நடையில் செலவாகும் கலோரியை இரண்டு வடை திருப்பிக் கொண்டுவந்துவிடும். வாயும் காலும் சேர்ந்து ஒத்துழைக்கவேண்டும்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். சர்க்கரை வரும் தறுவாயில் இருந்தவர்களிடத்தில் அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2002-ல் வெளியாயிற்று. உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைப்பதும் வாரம் 150 நிமிஷம் நடப்பதும் இலக்கு. சர்க்கரை நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. நம்முடைய சென்னையிலே நடத்தி 2006-ல் வெளியான ஆய்விலும், உணவு மாற்றத்தாலும் நடையாலும் அது நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். வாரத்துக்கு அரைக் கிலோ போதும். "பத்து நாளில் பத்து கிலோ" என்கிற பொடிக்கும் பானத்துக்கும் காசைக் கொட்டாதிருங்கள்.

6. சபையாகிய நாம் என்ன செய்யலாம்?

நம்முடைய அன்பு பெரும்பாலும் எண்ணெயிலும் சீனியிலும்தான் வெளிப்படுகிறது! வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் கேசரி, மிக்சர், டீ. "ஒண்ணே ஒண்ணு பிரதர், எனக்காக!" என்பார்கள். மறுத்தால் வருத்தம். ஞாயிறு மத்தியானம் ஐந்து வீடு சந்திக்கிற போதகருக்கு ஐந்து டீ, ஐந்து தட்டுப் பலகாரம். அவருக்குச் சர்க்கரை வந்தபிறகு உபவாசமிருந்து ஜெபிக்கிறோம். ஜெபிப்பது நல்லது. கேசரிக்குப் பதில் சுண்டல் வைப்பதும் நல்லது.

ஆகையால் ஒரு யோசனை. கூட்டம் நடத்துகிற வீட்டார் சுண்டல், பழம், சீனி தனியாய் வைத்த டீ கொடுக்கலாம். ஏழை வீட்டுக்கும் இது பாரமில்லை. "வேண்டாம்" என்று சொல்கிறவரை இரண்டாந்தரம் வற்புறுத்தாதிருப்போம். சகோதரிகள் இரண்டிரண்டு பேராய்ச் சேர்ந்து விடியற்காலம் நடக்கலாம், நடக்கும்போதே ஜெபிக்கலாம். தனியாய் நடக்கிறவர் மழை வந்தால் நின்றுவிடுவார், துணையாய் நடக்கிறவர் குடை எடுத்து வருவார்.

7. உபவாசத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

உபவாசம் தேவனைத் தேடுவதற்கு. எடை மெஷினுக்காக அல்ல. பகலெல்லாம் உபவாசமிருந்து ராத்திரி பூரியும் பிரியாணியுமாய் ஈடுகட்டினால் சரீரமும் கெடும், உபவாசமும் கெடும். கொஞ்சமாய், இலேசான ஆகாரத்தோடு முடியுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள், கர்ப்பவதிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயுள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் உபவாசமும் இருக்கவேண்டாம், உணவைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாய் இறங்கிவிடும். வேர்வை, கைநடுக்கம், தலைச்சுற்றல், தடுமாற்றம் கண்டால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்கவேண்டும். எடை குறைந்ததும் மாத்திரையை நீங்களாய் நிறுத்தாதிருங்கள். குறைக்கவேண்டுமா என்பதைப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். அதுவும் விசுவாசக் குறைவு அல்ல. காரணமே இல்லாமல் எடை தானாய்க் குறைந்தாலும் சந்தோஷப்படாமல் போய்க் காட்டுங்கள்.

8. விழுந்தால்?

நானும் விழுந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து, "இனி எனக்கு ஆகாது, எல்லாம் போச்சு" என்று அந்த வாரம் முழுவதும் கட்டு அவிழ்ந்தவன்போலச் சாப்பிட்டேன். பிறகுதான் புரிந்தது. என்னைக் கெடுத்தது அந்த ஒரு பந்தி அல்ல, அதற்குப் பிறகு வந்த "எல்லாம் போச்சு" என்கிற பொய். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் திரும்பிவிடுங்கள். அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளாதிருங்கள்.

பதினான்கு மாதத்தில் 94 கிலோ 79 ஆயிற்று. இப்பொழுது 81. இன்னும் தினமும் போராட்டம்தான், மறைக்கவில்லை. ஒரு மாத்திரையை டாக்டர் அம்மா நிறுத்தினார்கள், ஒன்று இன்னும் தொடருகிறது. போன வருஷம் அண்ணனுடைய மூத்த மகளுக்குக் கலியாணம். தகப்பன் ஸ்தானத்தில் நான் நின்றேன். சட்டைப் பொத்தான் பூட்டிக்கொண்டது. ஆனால் அந்த இடத்தில் நிற்கவேண்டியவன் நானல்லவே என்று என் கண் கலங்கிற்று.

பிரியமானவர்களே, சரீரம் ஆலயம் என்று பாடுகிறோம், பிரசங்கிக்கிறோம் (1 கொரிந்தியர் 6:19). ஆலயத்துக்கு வெள்ளையடிக்கிறோம், ஓடு மாற்றுகிறோம். இந்த ஆலயத்தையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும்.

வீட்டில் செய்யவேண்டியது:
1. இன்றே இடுப்பை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள்.
2. ஏழு நாள் நோட்டு எழுதுங்கள். பசியில்லாமல் சாப்பிட்ட வேளைகளைக் கோடிடுங்கள்.
3. அதில் ஒரே ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அதின் தூண்டுதல் என்ன? அதற்குப் பதிலாய் என்ன செய்வீர்கள்?
4. பத்து நாள் சோதித்துப்பாருங்கள். ஒரு சகோதரனிடமோ சகோதரியிடமோ சொல்லிவைத்து, வாரம் ஒருமுறை கணக்குக் கொடுங்கள்.
5. 35 வயதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள்.

சிறு ஜெபம்: ஆண்டவரே, நீர் தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். நான் அதற்கு அடிமையாகாமல், நன்றியோடும் அளவோடும் சாப்பிட எனக்குக் கிருபை தாரும். ஆமென்.